கல் வைக்காத சேந்தன்

தோற்றுப்போனவர்களைப் பற்றி எத்தனையோ கதைகள் உண்டு. இது தோற்கவே தெரியாத ஒருவரின் கதை. கேட்டுவிட்டு அவர்மேல் யாரும் பொறாமைப்பட வேண்டாம்.

மலையடிவாரத்தில் ஒரு மடம் இருந்தது. அங்கே சிலர் வானநூல் படித்தார்கள், சிலர் வைத்தியம், சிலர் கணக்கு, சிலர் நீதிநூல். யார் எதைப் படித்தாலும் கடைசியில் வாது மண்டபத்தில் உட்கார்ந்து வாதாடிக் காட்டியாக வேண்டும்.

மண்டபத்துக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. இருவர் எதிரெதிரே உட்காருவார்கள். நடுவில் ஒரு பலகை. வாதத்தைத் தொடங்குகிறவர் ஆற்றுக் கூழாங்கல் ஒன்றைத் தன் பக்கத்து ஓரத்தில் வைத்து, சாட்சியே தேவையில்லாத ஏதாவது ஒன்றைச் சொல்லுவார். எதிரில் இருப்பவர் அதை ஒப்புக்கொண்டால் கல்லைப் பலகையின் நடுவுக்கு நகர்த்துவார். நடுவுக்கு வந்த கல்லை வாதம் முடியும்வரை யாரும் தொடக் கூடாது. மற்ற எல்லாவற்றைப் பற்றியும் விடிய விடிய அடித்துக்கொள்ளலாம்.

நடுவில் ஒரு கல்லாவது இல்லாமல் வாதம் தொடங்காது. சண்டை போடுவதற்கும் கால் ஊன்ற ஓர் இடம் வேண்டுமே.

சேந்தன் இளம் வயதிலேயே ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டார். எந்தக் கல்லையும் நகர்த்தாமல் இருந்தால் தோற்க வழியே இல்லை. கல் வைத்து வைத்து எதிராளி சலித்து எழுந்து போய்விடுவார். எழுந்து போனவர் தோற்றவர்.

வானநூல்காரர் ஒருவர் கல்லை வைத்துச் சொன்னார்: "நாளைக்கும் சூரியன் கிழக்கேதான் உதிக்கும்."

"நேத்து வரைக்கும் உதிச்சதுக்குச் சாட்சி இருக்கு. நாளைக்கு உதிக்கப்போறதை யார் பார்த்தது?" என்றார் சேந்தன்.

கணக்கர் வந்தார். "ஒண்ணும் ஒண்ணும் ரெண்டு" என்றார். சேந்தன் செம்புத் தண்ணீரில் விரலை நனைத்துப் பலகையில் இரண்டு சொட்டு வைத்தார். விரலாலேயே இரண்டையும் இழுத்துச் சேர்த்தார். "இப்ப எண்ணிச் சொல்லுங்க." கணக்கர் கல்லை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்.

வைத்தியம் படித்தவர் ஒருவர், "எந்த உயிரும் பிழைச்சுக் கிடக்கத்தான் ஆசைப்படும்" என்றார். "கிணத்துல போய் விழுறவங்களை எந்தக் கணக்குல சேர்ப்பீங்க?" என்று கேட்டார் சேந்தன்.

நீதிநூல்காரர் கொஞ்சம் விவரமானவர். யோசித்துத்தான் வந்தார். "செய்யாத குத்தத்துக்கு யாரையும் தண்டிக்கக் கூடாது. இதையாவது ஒத்துக்குவீங்களா?"

"பஞ்சத்துல பொறந்த பிள்ளை என்ன குத்தம் செஞ்சுது?"

"அது மனுசன் குடுத்த தண்டனை இல்லையே."

"அப்ப யார் குடுத்ததுன்னு முதல்ல நிரூபிங்க."

நீதிநூல்காரரும் எழுந்து போனார். சேந்தன் கேட்டதில் சில நல்ல கேள்விகள். சில வெறும் வீம்பு. எது எந்த வகை என்று அவருக்கே தெரிந்திருந்ததா என்பது சந்தேகம்தான். வெற்றி இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் கிடைத்தது.

இப்படியே ஐம்பது வயதைத் தாண்டினார். பேர் பரவியது. ஆனால் அவர் உட்கார்ந்த பலகைக்கு எதிரே யாரும் வந்து உட்காரவில்லை. மண்டபத்தோடு அது நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. பந்தியில் "இன்னிக்குச் சாம்பாரில் உப்பு கொஞ்சம் கூட" என்று ஆரம்பித்தவர் பக்கத்தில் சேந்தன் இருப்பதைப் பார்த்ததும் வாக்கியத்தை மென்று விழுங்கினார். "மழை வரும்போல இருக்கே" என்று வானத்தைப் பார்த்துச் சொன்ன பெண் அவர் வருவதைக் கண்டு குடத்தை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டினாள். சேந்தன் சண்டைக்குப் போகிறவர் இல்லை. அவருக்கும் மழையைப் பற்றி இரண்டு வார்த்தை பேச ஆசைதான். எப்படி ஆரம்பிப்பது என்பது மறந்துபோயிருந்தது.

மற்றவர்கள் ஒதுங்கிய பிறகும் அவரோடு உட்கார்ந்தவர் ஒருவர்தான். பெயர் கொற்றன். வைத்தியர். இருவரும் ஒரே நாளில் மடத்துக்கு வந்தவர்கள். ஒரே அறையில் பாய் விரித்தவர்கள். கொற்றன் சேந்தனிடம் எண்ணிலடங்காத தடவை தோற்றிருந்தார். தோற்றுவிட்டு, "சரி வாடா, பசிக்குது" என்று கூட்டிக்கொண்டு போவார். அதற்காகவே சேந்தன் அவரைத் தோற்கடித்தார் என்றுகூடச் சொல்லலாம்.

ஒருநாள் மண்டபத்தில் கூட்டம் நிறைந்திருந்தது. கொற்றன் கல்லுக்கு மேல் கல்லாக வைத்தார். நாடியைப் பற்றி ஒரு கல், பசியைப் பற்றி ஒரு கல், மரணத்தைப் பற்றி ஒரு கல். சேந்தன் ஒன்றையும் நகர்த்தவில்லை. கடைசியில் கொற்றன் சிரித்துக்கொண்டே ஒரு கல்லை எடுத்து வைத்தார்.

"நான் உன் சிநேகிதன்."

சேந்தனின் கை கல்லை நோக்கிப் போனது. அப்போது அவருக்கு மண்டபமே தன் கையைப் பார்ப்பது தெரிந்தது. சேந்தன் ஒரு கல்லை நகர்த்தப்போகிறார் என்று எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கையை இழுத்துக்கொண்டார்.

"அது நீ சொல்றது. அதுவும் விவாதத்துக்கு உரியதுதான்."

சொல்லிவிட்டுக் கொற்றனுக்கு மட்டும் தெரியும்படி கண்ணால் சிரித்தார். விளையாட்டு என்று அவருக்குப் புரியும் என்றுதான் நினைத்தார். கொற்றன் சிரிக்கவில்லை. கல்லை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மேல்துண்டில் போட்டுக்கொண்டார். "சரி" என்றார். பசிக்கிறது என்று சொல்லவில்லை. அந்த வாரமே தங்கை ஊரான நெடுங்குளத்துக்குக் கிளம்பிப் போய்விட்டார்.

ஆண்டுகள் ஓடின. மடத்தின் பழைய தலைவர் போய், புதிதாக ஓர் அம்மை பொறுப்புக்கு வந்தார். வயதில் சேந்தனுக்குத் தங்கை மாதிரி. அதிகம் பேச மாட்டார். சேந்தன் மற்றவர்களைப் போல அவர் காலடியில் உட்கார்ந்து பாடம் கேட்டார். குருவிடம் கேள்வி கேட்கலாம், வாதாடக் கூடாது என்பது மடத்து விதி. அதனால் அங்கே மட்டும் அவருக்குப் பேச்சுத் துணை இருந்தது.

ஒரு காலை உப்பு வண்டிக்காரர் மடத்துக்குச் சரக்கு இறக்க வந்தார். வந்தவர் பேச்சோடு பேச்சாக, "நெடுங்குளத்து வைத்தியர் உடம்புக்கு முடியாம கிடக்கார். இனிமே தேர்றது கஷ்டம்னு பேசிக்கிறாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சேந்தன் அம்மையைத் தேடிக்கொண்டு போனார். அம்மை அடுக்களை வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அம்மா, நான் நெடுங்குளம் போகலாமா?"

"யாரு உங்களைப் பிடிச்சு வச்சிருக்கா?"

"போனா, அவன் முகத்தைத் திருப்பிக்கிட்டா?"

"திருப்பிக்கலாம்."

"அவன் மனசுல நான் இன்னும் இருக்கேனான்னு தெரியாம எப்படிப் போறது? அன்னிக்கு நான் சொன்னதுல பிழை இல்லையேம்மா. சிநேகம்கிறது சூரியன் மாதிரி எல்லார் கண்ணுக்கும் தெரியிற விஷயமா? ஒருத்தர் சொல்லணும், இன்னொருத்தர் நம்பணும். விவாதத்துக்கு உரியதுதானே?"

"சூரியனையே நீங்க ஒத்துக்கலைன்னு கேள்விப்பட்டேன்" என்றார் அம்மை.

சேந்தன் தலையைக் குனிந்துகொண்டார். "சாட்சி வேண்டாதது உலகத்துல ஏதாவது ஒண்ணு இருந்தா காட்டுங்கம்மா. அதைப் பிடிச்சுக்கிட்டு நான் போயிடுறேன்."

அம்மை கீரையை முறத்தோடு ஓரமாக வைத்துவிட்டு எழுந்தார். வாது மண்டபத்துக்கு நடந்தார். பலகையின் ஒரு பக்கம் உட்கார்ந்தார். சேந்தன் பழக்கத்தில் மறுபக்கம் உட்கார்ந்தார். எதிரே ஓர் ஆள் உட்கார்ந்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று நினைத்துக்கொண்டார்.

அம்மை கல் கூடையை அவர் பக்கம் தள்ளினார்.

"நீங்க வைங்க."

சேந்தன் திகைத்துப் போனார். வாழ்நாளில் அவர் ஒரு கல்லும் வைத்ததில்லை. வைக்கிற பக்கம் எப்போதும் எதிர்ப்பக்கமாகவே இருந்தது.

ஒன்றை எடுத்தார். "நெருப்பு சுடும்" என்றார். சேந்தனுக்குள்ளேயே ஒரு குரல் கேட்டது: யாருக்குச் சுடும்? உணர்ச்சி செத்த கைக்குமா? கல்லைக் கூடையில் போட்டார்.

இன்னொன்றை எடுத்தார். "முழுசைவிடப் பாதி சின்னது." உடனே அந்தக் குரல், பசித்தவனுக்குக் கிடைத்த பாதிச் சோற்று உருண்டையையும் வயிறு நிறைந்தவன் முன்னால் இருக்கும் முழு உருண்டையையும் பற்றிக் கேட்டது. கல் திரும்பவும் கூடைக்குப் போனது. தாய்ப்பாசத்தை வைத்தார், எடுத்தார். மரணத்தை வைத்தார். அதைக் கொஞ்ச நேரம் விட்டுவைத்தார். செத்துப்போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னது யார் என்று தோன்றியதும் அதையும் எடுத்தார்.

வெயில் ஏறி இறங்கியது. மண்டபத்து வாசலில் வந்து எட்டிப் பார்த்தவர்கள், சேந்தன் தானே வைத்துத் தானே தள்ளுவதைக் கண்டு ஒன்றும் புரியாமல் போனார்கள்.

"எல்லாத்தையும் தள்ளிட்டேம்மா" என்றார் சேந்தன்.

"நான் ஒண்ணும் மறுக்கலையே."

"நீங்க மறுக்கலை."

அவர் கையில் ஒரு கல் மிச்சம் இருந்தது. அதை வைக்கத் தோன்றவில்லை. சும்மா உருட்டிக்கொண்டிருந்தார். களைத்துப்போயிருந்தார். வாதத்துக்காக இல்லாமல், யாரிடமோ சொல்வதுபோல் சொன்னார்:

"எனக்கு அவனைப் பார்க்கணும் போல இருக்கும்மா."

அம்மை கையை நீட்டினார். அவர் கையிலிருந்த கல்லை வாங்கிப் பலகையின் நடுவில் வைத்தார்.

சேந்தன் அதைப் பார்த்தார். "இதுக்கு நான் சாட்சி ஒண்ணும் காட்டலையே."

"நான் கேக்கலையே."

"அவன் என்னைச் சேர்த்துக்குவானாங்கிறது?"

"அது விவாதத்துக்கு உரியது" என்றார் அம்மை. "ஆனா அதை இங்க உட்கார்ந்து வாதாட முடியாதுங்கய்யா. எதிர்ப்பக்கம் நெடுங்குளத்துல இருக்கு."

மறுநாள் சேந்தன் கிளம்பினார். வழி முழுக்க என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே நடந்தார். மன்னிப்புக் கேட்பதா, பழையதை எடுக்காமல் உடம்பைப் பற்றி விசாரிப்பதா, ஒன்றுமே சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவதா. கொற்றன் திட்டுவார். திட்டட்டும். திட்டு வாங்கவும் ஓர் ஆள் வேண்டியிருந்தது.

நெடுங்குளத்தில் கொற்றனின் தங்கை நாச்சி கதவைத் திறந்தாள். அவளுக்கு அவரை உடனே தெரிந்துவிட்டது. "வாங்கண்ணே" என்றாள். மேற்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சேந்தன் அதற்குள் கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

முருங்கை மரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் கொற்றன் உட்கார்ந்திருந்தார். இளைத்திருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"யாருங்க?"

"நான்தான். சேந்தன்."

"எந்தச் சேந்தன்?"

"மடத்துச் சேந்தன். உன் சிநேகிதன்."

கொற்றன் நெடுநேரம் யோசித்தார். பிறகு மரியாதையாகச் சொன்னார்: "எனக்கு அப்படி ஒருத்தர் இருந்ததா நினைவில்லீங்களே."

பழிவாங்குகிறான் என்றுதான் சேந்தன் முதலில் நினைத்தார். இத்தனை வருஷம் காத்திருந்து, அன்றைக்குக் கொடுத்ததைத் திருப்பிக் கொடுக்கிறான். அந்த எண்ணமே அவருக்கு ஆறுதலாக இருந்தது. பழிவாங்குகிற மனதில் தனக்கு இன்னும் இடம் இருக்கிறதே. பின்னால் வந்து நின்ற நாச்சி அவர் தோளைத் தொட்டாள்.

"போன மழைக்காலத்துல இருந்து இப்படித்தான், அண்ணே. யாரையும் தெரியலை. என்னையே யாருங்கிறார்."

சேந்தன் கட்டிலருகே தரையில் உட்கார்ந்தார். சாட்சிகளை எடுத்து வைக்கத் தொடங்கினார். விஷக்காய்ச்சல் வந்த வருஷம் இருவரும் ஒரே போர்வையில் கிடந்து நடுங்கியது. மடத்துத் தோட்டத்தில் மாங்காய் திருடப்போய்க் கொற்றன் காலை மதில் கண்ணாடி கிழித்தது. இதோ, அந்தத் தழும்பு இங்கேதான் இருக்கிறது. நாடி பார்க்கக் கற்றுக்கொண்டபோது கொற்றன் முதன்முதலில் பிடித்துப் பார்த்தது சேந்தனின் கையைத்தான்.

கொற்றன் ஒவ்வொன்றையும் கவனமாகக் கேட்டார். தன் காலில் இருந்த தழும்பைக் குனிந்து பார்த்தார். "இருக்கலாம்" என்றார். "நீங்க பொய் சொல்றவர் மாதிரி தெரியலை. ஆனா எனக்குத் தெரியலீங்களே."

'நீங்க' என்ற சொல்தான் சேந்தனை அறுத்தது. அந்த வாய் அவரை 'டா' போட்டு மட்டுமே கூப்பிட்டிருக்கிறது. கைவசம் இருந்த சாட்சியெல்லாம் தீர்ந்துபோயிற்று. வாதாடவே நினைக்காத ஒரு மனிதரின் முன்னால் அவர் பேச வழியில்லாமல் உட்கார்ந்திருந்தார்.

நாச்சி கஞ்சி கொண்டுவந்தாள். கொற்றன் உதட்டை இறுக்கிக்கொண்டார்.

"யார் கையாலயும் வாங்க மாட்டேங்குறார், அண்ணே" என்றாள் அவள். "மருந்தைக் கலந்திருக்கேன்னு சந்தேகம். வைத்தியர் இல்லையா. கெஞ்சிக் கூத்தாடினா ரெண்டு வாய் இறங்கும். அவ்வளவுதான்."

சேந்தன் கிண்ணத்தை வாங்கினார். அவருக்கு யாருக்கும் ஊட்டிப் பழக்கமில்லை. கரண்டியை ஊதி, அவசரமாக நீட்டினார். பாதி கொற்றனின் மார்பில் சிந்தியது. மீதியை அவர் குடித்தார். அடுத்த கரண்டியையும் குடித்தார். நாச்சி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நல்ல பசி போலிருக்கிறது என்று சேந்தன் நினைத்துக்கொண்டார்.

அவர் மடத்துக்குத் திரும்பவில்லை.

மழைக்காலம் முடிந்த பிறகு அம்மை பக்கத்து ஊர்களுக்கு நடைப்பயணம் கிளம்பினார். நெடுங்குளம் வழியாக வந்தபோது நாச்சி வீட்டைக் கேட்டு வந்தார். சேந்தன் கொல்லையில் கொற்றனின் வேட்டியை அலசி உதறிக்கொண்டிருந்தார். அம்மையைக் கண்டதும் ஈரக் கையோடு கும்பிட்டார்.

"எப்படி இருக்கீங்கய்யா?"

அந்தக் கேள்விக்காகவே அத்தனை நாளும் காத்திருந்தவர்போல சேந்தன் கொட்டித் தீர்த்தார்.

"தினம் காலையில எழுந்ததும் 'யாருங்க நீங்க'ங்கிறான்மா. தினம் சொல்றேன். எவ்வளவு சொன்னாலும் ஒத்துக்க மாட்டேங்குறான். மடத்துல யாரும் என்கூடப் பேசாம இருந்தாங்களே, அப்பக்கூட நான் இவ்வளவு தனியா இருந்ததில்லை. இங்க ஆள் பக்கத்துலயே உட்கார்ந்திருக்கான். கையெட்டுற தூரத்துல இருக்கான். ஆனா நான் இல்லை அவனுக்கு."

கட்டிலில் கொற்றன் முருங்கைப் பூ உதிர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாகுறதுக்குள்ள ஒரே ஒரு தடவை 'டேய் சேந்தா'ன்னு அவன் வாயால கூப்பிட்டா போதும்மா. கூப்பிடுவானா?"

நாச்சி கஞ்சிக் கிண்ணத்தோடு வந்தாள். அம்மை அதைத் தன் கையில் வாங்கிக்கொண்டு கட்டிலருகே உட்கார்ந்தார். ஒரு கரண்டி எடுத்துக் கொற்றனின் வாயருகே கொண்டுபோனார்.

"வேண்டாம்மா" என்றார் கொற்றன், பணிவாக. வாயை மூடிக்கொண்டார்.

"ஒரு வாய்."

கொற்றன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அம்மை கொஞ்ச நேரம் காத்திருந்து மறுபடியும் நீட்டினார். உதடு பிரியவில்லை.

அம்மை கிண்ணத்தைச் சேந்தனிடம் கொடுத்தார். சேந்தன் உட்கார்ந்து, பழகிய கையால் கஞ்சியைக் கிளறி ஆற்றினார். அவர் கரண்டியைத் தூக்குவதற்கு முன்பே கொற்றன் இந்தப் பக்கம் திரும்பி வாயைத் திறந்தார். குடித்தார். மறுபடியும் திறந்தார்.

"பசிம்மா, வேற ஒண்ணுமில்லை" என்றார் சேந்தன். "பசி வந்துட்டா யார் கையாலயும்..."

பாதியிலேயே நிறுத்திவிட்டார். கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தாழ்ந்த குரலில், பிடிவாதமாகச் சொன்னார்:

"இருந்தாலும் என்னைத் தெரியும்னு அவன் சொல்லலையேம்மா. ஒரு வார்த்தை சொல்லலையே."

"சொன்னா ஒத்துக்குவீங்களாய்யா?" என்றார் அம்மை.

சேந்தன் கரண்டியைக் கஞ்சியில் விட்டார். கொற்றன் அடுத்த வாய்க்காகக் காத்திருந்தார்.